ஜேம்ஸ் பால்டுவின் : உடன்பிறப்பும் துயரும் இசையும்

எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் தம் வரலாற்றை எங்கே பதிந்து வைப்பர்? பாட்டில்தான் பதிந்து வைப்பர். நாட்டுப்புறப் பாடல்களைப் பயின்றோர் அனைவரும் இதனை நன்கறிவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதே ஒரு காலத்தில் குற்றமாகக் கருதப்பட்டது. பருத்திக் காடுகளிலும் புகையிலைத் தோட்டங்களிலும் உழைத்த அம்மக்கள் தம் ஏக்கத்தை இறைப்பாடல்களாகப் பாடினர். மோசே என்றும் மூசா நபி என்றும் நாம் அறிந்த பெருமகனார் தம் மக்களை அடிமைத்தளையினின்று மீட்டுச் சென்ற வரலாறு அப்பாடல்களில் மீண்டும் மீண்டும் ஒலித்தது. 1865ஆம் ஆண்டில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. வறுமையும் இழிவும் ஒழியவில்லை. அத்துயரிலிருந்து 'புளூஸ்' என்னும் பாட்டு மரபு பிறந்தது. நகரங்களில் அது 'ஜாஸ்' என்னும் இசையோடு கலந்து வளர்ந்தது.

இந்த இசைச் செல்வத்தை அச்சேறிய இலக்கியத்திற்குள் கொணர்ந்தோர் பலர். டபிள்யூ. ஈ. பி. டூபோய்ஸ் 1903இல் வெளியிட்ட கட்டுரை நூலில், இயல்தோறும் முகப்பில் அடிமை மக்களின் துயரப்பாடல்களுக்குரிய இசைக்குறிப்பை அமைத்தார். லாங்ஸ்டன் ஹியூஸ் 1926இல் வெளியான தம் முதற்கவிதைத் தொகுதிக்குப் புளூஸ் இசையின் பெயரையே சூட்டினார். இவ்வரிசையில் வந்தவரே ஜேம்ஸ் பால்டுவின். துயரம், இசை, உடன்பிறப்பு என்னும் மூன்றையும் ஒரே இழையில் கோத்துப் புதினமாகவும் சிறுகதையாகவும் தந்தவர் அவர். அவர்தம் வாழ்வையும், அவ்வாழ்வு படைப்பாக மலர்ந்த வகையையும் இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் குடும்பமும்

நியூயார்க் மாநகரின் வடபகுதியிலுள்ள ஹார்லெம், தென்மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதியாகும். அங்கே 1924ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் ஜேம்ஸ் பிறந்தார். அன்னையார் எம்மா பெர்டிஸ் ஜோன்ஸ். பெற்ற தந்தை யாரென ஜேம்ஸ் இறுதிவரை அறிந்திலர். அவருக்கு மூன்று அகவையாகும்போது, 1927இல், அன்னையார் டேவிட் பால்டுவின் என்பவரை மணந்தார். டேவிட் நியூ ஆர்லியன்சிலிருந்து வந்தவர். அவருடைய தாய் அடிமையாகப் பிறந்தவர். வாரநாள்களில் தொழிற்சாலைக் கூலியாகவும் ஞாயிறுதோறும் கிறித்தவச் சமய உரையாளராகவும் அவர் விளங்கினார்.

அடுத்தடுத்து எட்டுக் குழந்தைகள் பிறந்தனர். அன்னையார் பிறர் வீடுகளில் பணிசெய்து திரும்பும்வரை அவர்களைப் பேணும் பொறுப்பு மூத்தவராகிய ஜேம்சைச் சார்ந்தது. ஒரு கையில் குழந்தையும் மறு கையில் புத்தகமுமாகவே அவர்தம் இளமை கழிந்தது. அண்ணன் என்னும் உறவு அவருக்கு ஏட்டிலிருந்து வந்த கருத்தன்று. இடுப்பில் சுமந்த பாரம். பிற்காலத்தில் அவர் எழுதிய கதைகளில் தம்பியின் துயருக்கு விடைசொல்ல வேண்டிய அண்ணன்மார் திரும்பத் திரும்ப வருவதன் வேரினை நாம் இங்கேயே காண்கிறோம்.

வளர்ப்புத் தந்தையோ கண்டிப்பு மிக்கவர். வெள்ளையர் எவரையும் நம்பாதவர். வாழ்நாள் முழுதும் அவமதிப்புக்கு உள்ளான அம்மனிதர், வெளியே காட்டவியலாத சினத்தையெல்லாம் வீட்டுக்குள் கொட்டினார். ஜேம்சின் முகத்தை அழகற்றதென்று இகழ்ந்தார். வெறுப்பு ஒரு மனிதனை உள்ளிருந்து எவ்வாறு அரிக்கும் என்பதை ஜேம்ஸ் முதன்முதலில் தம் இல்லத்திலேயே கண்டார்.

கல்வியும் சமய மேடையும்

வறுமையிலும் நல்லாசிரியர் வாய்த்தனர். அவர் பயின்ற தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை கெர்ட்ரூட் அயர், அப்பதவியை நியூயார்க்கில் பெற்ற முதற் கறுப்பினப் பெண்மணி. ஒரில்லா மில்லர் என்னும் வெள்ளையின ஆசிரியை அவரை நாடக அரங்குகளுக்கும் திரைப்படங்களுக்கும் அழைத்துச் சென்றார். தந்தையின் தடையையும் மீறி நிகழ்ந்த இவ்வன்பு, நிறத்தை வைத்து மனிதரை முற்றாக வெறுத்தல் இயலாது என்னும் பாடத்தை அவருக்குக் கற்பித்தது. நடுநிலைப் பள்ளியில் கவுன்டி கல்லன் என்னும் புகழ்பெற்ற கறுப்பினக் கவிஞரே அவருக்கு ஆசிரியராக அமைந்தார். 135ஆம் தெருவிலிருந்த பொதுநூலகம் அவருக்கு இரண்டாவது இல்லமாயிற்று.

பதினான்காம் அகவையில் அவர் ஹார்லெமின் சிறிய திருச்சபையொன்றில் சமய உரையாற்றத் தொடங்கினார். இளஞ்சிறுவரின் நாவன்மையைக் கேட்கத் தந்தையின் கூட்டத்தினும் மிகுதியான கூட்டம் கூடியது. மூன்றாண்டுகள் உரையாற்றிய பின், உள்ளம் ஒப்பாமல் பதினேழாம் அகவையில் மேடையை விட்டு இறங்கினார். ஆயினும் அம்மேடை தந்த செல்வம் அவரை விட்டு நீங்கவில்லை. கைத்தாளமும் கஞ்சிரையை ஒத்த பறையும் ஒலிக்க, ஒருவர் பாட ஊரே மறுமொழியாகப் பாடும் அந்த ஓசை அவருடைய உரைநடையின் நீண்ட வாக்கியங்களில் அலையலையாக எழுந்து தாழ்வதை அவர் நூல்களைப் பயில்வோர் உணரலாம்.

வெறுப்பின் வாசலில்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் குடும்பத்தைத் தாங்கும் பொருட்டு நியூஜெர்சி மாநிலத்தில் கூலி வேலைக்குச் சென்றார். உணவகம்தோறும் நிறம் காரணமாக அவருக்கு உணவு மறுக்கப்பட்டது. ஒருநாள் மாலை டிரென்டன் நகரில், மீண்டும் மறுக்கப்பட்டபோது, பணிப்பெண்மீது நீர்க்குவளையை வீசினார். குறி தவறி அது பின்னிருந்த கண்ணாடியை நொறுக்கியது. உடன்வந்த நண்பர் துரத்தியோரைத் திசைதிருப்பிவிட்டதால் அவர் உயிர் தப்பினார். அன்றிரவு அவர் உணர்ந்த உண்மைகள் இரண்டு: அவர் கொல்லப்பட்டிருக்கக் கூடும், அவரே கொலை செய்யவும் அணியமாக இருந்தார். தம் உயிருக்குப் பகை பிறர் செய்யும் கொடுமை மட்டுமன்று, தம் நெஞ்சில் ஊறிய வெறுப்பும் ஆகும் எனக் கண்டார்.

1943ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29ஆம் நாள் டேவிட் பால்டுவின் காசநோயாலும் மனப்பிறழ்வாலும் நலிந்து மருத்துவமனையில் இறந்தார். அதே நாளில், சில மணி நேரத்தில், அவருடைய கடைசி மகள் பிறந்தாள். இறுதிச் சடங்கு ஜேம்சின் பத்தொன்பதாம் பிறந்த நாளன்று நிகழ்ந்தது. அந்நாள்களிலேயே, கறுப்பினப் படைவீரர் ஒருவரை வெள்ளையினக் காவலர் சுட்டதால் ஹார்லெமில் பெருங்கலவரம் மூண்டு ஆறுபேர் மாண்டனர். தந்தையின் உடலைக் கல்லறைக்குக் கொண்டு சென்ற வழியெங்கும் கண்ணாடிச் சில்லுகள் சிதறிக் கிடந்தன. வாழ்நாளெல்லாம் தந்தை எச்சரித்த அழிவு அவருடைய இறுதி ஊர்வலத்தின் இருமருங்கும் விரிந்து கிடந்ததாக மகனுக்குத் தோன்றிற்று. தந்தையைப் புரிந்துகொள்ளும் ஆவல் அவருக்குள் எழுந்தது. விடைபெறத் தந்தை இல்லை. காலம் கடந்த பின்னரே கேட்கத் தோன்றும் இவ்வருத்தம் அவர் படைப்புகள் பலவற்றின் உள்ளீடாயிற்று.

ஓவியர் திறந்த செவி

இவ்விடத்தில் பியூஃபர்டு டெலனி என்னும் கறுப்பின ஓவியரைக் குறிப்பிடாமல் செல்லுதல் தகாது. பள்ளிப் பருவத்திலேயே ஜேம்ஸ் அவருடைய கிரீனிச் வில்லேஜ் இல்லத்துக் கதவைத் தட்டியிருந்தார். தந்தையிடம் கிட்டாத கனிவு அங்கே கிட்டியது. தெருவோரத்துச் சேற்று நீரிலும் ஒளியும் நிறமும் மிதப்பதைக் காணுமாறு டெலனி கற்பித்தார். வீட்டில் பாவமென விலக்கப்பட்டிருந்த புளூஸ், ஜாஸ் இசைத்தட்டுகளை அவர் சுழலவிட்டார். பெஸ்ஸி ஸ்மித், லூயி ஆம்ஸ்ட்ராங் முதலியோரின் குரலைக் கேட்ட இளைஞர், திருச்சபைப் பாடலும் இவ்விசையும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை எனத் தெளிந்தார். எழுத்தாளராகும் துணிவை அவருக்குத் தந்தது, கறுப்பினத்தவர் ஒருவர் கலைஞராக வாழ இயலும் என்பதற்குச் சான்றாக நின்ற இந்த ஓவியரின் வாழ்வே எனலாம்.

'நேட்டிவ் சன்' என்னும் புதினத்தால் 1940இல் பெரும்புகழ் எய்திய ரிச்சர்டு ரைட்டும் அவருக்குக் கைகொடுத்தார். ரைட்டின் பரிந்துரையால் 1945இல் நல்கையொன்று கிட்டியது. ஆயினும் நாட்டின் நிறவெறி அவரை மூச்சடைக்கச் செய்தது. 1948ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள், இருபத்து நான்கு அகவையில், நாற்பது டாலருடன் பாரிஸ் நகருக்குப் புறப்பட்டார். அன்னையாரையும் தம்பி தங்கையரையும் விட்டுச் சென்ற அந்நாளின் குற்றவுணர்வு அவரை நெடுங்காலம் தொடர்ந்தது.

பாரிஸ் வாழ்வு பட்டினியும் தனிமையும் நிறைந்தது. 1949இல், தாம் திருடாத விடுதிப் படுக்கை விரிப்பொன்றின் பொருட்டு எட்டு நாள் சிறையிலிருந்தார். அதே ஆண்டில் எதிர்ப்புப் புதினங்களின் குறைகளை ஆய்ந்து எழுதிய கட்டுரை, ஆதரித்த ரைட்டையே புண்படுத்தி நட்பை முறித்தது. கறுப்பின மனிதனை வெறும் கொடுமையின் விளைபொருளாகக் காட்டுவது அவனுடைய முழுமையை மறைப்பதாகும் என்பது பால்டுவினின் வாதம். அவனுக்கு அன்பும் நகையும் நினைவும் பாட்டும் உண்டென அவர் கருதினார். அக்கருத்தை நிலைநாட்டத் தாமே ஒரு புதினம் படைக்க வேண்டியவரானார்.

பனிமலையில் ஒலித்த பாட்டு

பத்தாண்டுக் காலமாக முடிவுறாதிருந்த அப்புதினம் சுவிட்சர்லாந்தில் நிறைவேறியது. 1951-52ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், நண்பர் லூசியன் ஹேப்பர்ஸ்பர்கரின் குடும்பத்திற்குரிய மலைவீட்டில் அவர் தங்கினார். லாய்க்கர்பாடு என்னும் அம்மலைச் சிற்றூரார் அதற்கு முன் கறுப்பின மனிதரைக் கண்டறியாதவர்கள். தட்டச்சுப் பொறியோடு பெஸ்ஸி ஸ்மித்தின் இசைத்தட்டுகளையும் அவர் எடுத்துச் சென்றிருந்தார். அமெரிக்காவில் வெட்கத்தால் அவர் செவிகொடுக்க மறுத்த குரல், வெண்பனி சூழ்ந்த அந்நியச் சூழலில் தம் மக்களின் பேச்சோசையை மீட்டுத் தந்தது. இசை ஒரு மனிதனுக்குத் தாய்மொழியைத் திருப்பியளித்த அரிய நிகழ்ச்சி இது.

'கோ டெல் இட் ஆன் த மவுன்டன்' என்னும் அப்புதினம் 1953இல் வெளிவந்தது. தலைப்பே கறுப்பின மக்களின் இறைப்பாடல் ஒன்றின் பெயர். பதினான்காம் பிறந்தநாளைக் காணும் ஜான் என்னும் சிறுவனும், அன்பு காட்ட அறியாத வளர்ப்புத் தந்தை கேப்ரியேலும் அதன் மாந்தர்கள். தந்தையின் கடந்தகாலத்தையும் விரித்துரைப்பதன்மூலம், உயிரோடிருந்தபோது அறிய இயலாதவரைப் பால்டுவின் எழுத்தால் அறிய முயன்றார். 1955இல் கட்டுரைத் தொகுதியும், 1956இல் 'ஜியோவன்னீஸ் ரூம்' புதினமும் வந்தன. ஆண்கள் இருவரிடையே எழும் காதலைப் பேசும் அப்புதினத்தை முன்னைய பதிப்பகத்தார் ஏற்க மறுத்தனர். வேறு பதிப்பகம் வெளியிட்டது. தம் வாழ்விலும் அவ்வியல்பினராக இருந்த பால்டுவின் அதனை மறைத்து வாழ்ந்தாரல்லர்.

சோனியின் கதை

1957இல் 'பார்ட்டிசன் ரிவ்யூ' இதழில் வெளியான 'சோனியின் புளூஸ்' என்னும் சிறுகதை, நாம் எடுத்துக்கொண்ட பொருளின் உயிர்நிலை எனத் தகும். கதை சொல்பவர் ஹார்லெமில் இயற்கணிதம் கற்பிக்கும் ஆசிரியர், பெயர் சுட்டப்படவில்லை. சுரங்க இரயிலில் செல்கையில், தம் தம்பி சோனி போதைப்பொருள் வழக்கில் கைதான செய்தியை நாளேட்டில் படிக்கிறார். உடனே அவர் தம்பிக்கு எழுதினாரல்லர். நெடுநாள் கழித்து, தம் சிறுமகள் கிரேஸ் இளம்பிள்ளை வாதத்தால் இறந்த பின்னரே எழுதுகிறார். தம் துயர் பிறர் துயரை உண்மையாக்கியது.

இருவர்க்கும் இடையிலுள்ள பிளவுக்குப் பழைய வரலாறு ஒன்றுண்டு. அவர்களுடைய தந்தைக்குக் கிதார் இசைக்கும் தம்பி ஒருவர் இருந்தார். குடித்திருந்த வெள்ளையர் சிலர் ஓட்டிவந்த கார் அவரைத் தந்தையின் கண்முன்னேயே மோதிக் கொன்றது, கிதாரும் நொறுங்கியது. இச்செய்தியை அன்னை மூத்த மகனிடம் கூறி, தம்பியைக் காக்குமாறு உறுதி பெறுகிறார். ஆனால் சோனி ஜாஸ் பியானோக் கலைஞனாக விரும்பியபோது அண்ணனுக்கு அது புரியவில்லை. நல்ல வேலை, ஒழுங்கான வாழ்வு என்றே அவர் எண்ணுகிறார். தம்பி போற்றும் சார்லி பார்க்கரின் பெயரைக்கூட அவர் கேள்விப்பட்டதில்லை. தம்பியை அவர் கைவிட்டார் என்பதினும், அவன் சொல்லுக்குச் செவிகொடுக்கத் தவறினார் என்பதே பொருந்தும்.

சிறையிலிருந்து மீண்ட சோனி, கிரீனிச் வில்லேஜில் நிகழும் இசையரங்கிற்கு அண்ணனை அழைக்கிறான். ஓராண்டுக்கு மேலாகப் பியானோவைத் தொடாத விரல்கள் முதலில் தடுமாறுகின்றன. பெருங்கருவியை மீட்டும் கிரியோல் என்னும் முதிய கலைஞர், கரையோரம் நிற்பவனை ஆழத்திற்கு அழைப்பதுபோல் அவனை இசையால் ஈர்க்கிறார். பின்னர்ச் சோனியின் இசை எழுகிறது. அவ்விசையில் அண்ணன் தம் அன்னையின் முகத்தையும், தந்தையின் தம்பி மாண்ட நிலவொளிச் சாலையையும், இறந்த மகளையும் காண்கிறார். இதுகாறும் அடக்கிய கண்ணீர் பெருகுகிறது. இசை முடிந்ததும் அவர் அனுப்பிய கிண்ணம் பியானோவின்மேல் ஒளிவீசி அசைய, கதை நிறைவுறுகிறது.

இக்கதையில் இசை துயரைப் போக்கும் மருந்தாகக் காட்டப்படவில்லை. சோனி மீண்டும் போதையில் வீழக்கூடும் என்னும் அச்சம் முடிவிலும் நீங்கவில்லை. துயரைச் சுமப்பவன் அதற்கு ஓர் ஒழுங்கைத் தருகிறான். கேட்பவன் அதில் தன் துயரையும் அடையாளம் காண்கிறான். அவ்வடையாளம் காண்டலே உடன்பிறப்பு. ஒரே வயிற்றிற் பிறந்ததனால் மட்டும் அது வாய்ப்பதில்லை. ஒருவர் பாட, மற்றவர் கேட்பதனால் வாய்க்கிறது. வீட்டில் இருந்தும் கேளாத அண்ணனையும், வீட்டை விட்டு ஓடிய கலைஞனையும் பால்டுவின் படைத்தார். ஒன்பதின்மருள் மூத்தவராகவும் நாடு நீங்கியவராகவும் விளங்கிய அவர், தம்மையே இருகூறாக்கி இருவரிடத்தும் வைத்தார் என நாம் கருதுகிறோம்.

உரிமைப் போர்க்களத்தில்

அக்கதை வெளிவந்த 1957இலேயே அவர் தாயகம் திரும்பித் தென்மாநிலங்களுக்குச் சென்றார். அவ்வாண்டில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தார். அடிமை விடுதலை அறிக்கையின் நூற்றாண்டாகிய 1963இல் 'த ஃபயர் நெக்ஸ்ட் டைம்' என்னும் நூல் வெளிவந்தது. அதன் முதற்பகுதி தம்பி மகனுக்கு எழுதிய மடல். இரண்டாம் பகுதியில், சிகாகோ நகரில் எலைஜா முகம்மதின் இல்லத்தில் விருந்துண்டு உரையாடியதை விவரித்தார். சிறைப்பட்டோரையும் போதைக்கு அடிமையானோரையும் நிமிர்ந்து நடக்கச் செய்த அவ்வியக்கத்தின் ஆற்றலை அவர் மதித்தார். வெள்ளையர் அனைவரும் தீயோர் என்னும் அதன் கொள்கையை ஏற்கவில்லை. அவ்வியக்கத்தின் நாவலராக விளங்கிய மால்கம் எக்ஸ் 1964இல் அதனின்று விலகி ஹஜ் கடமையாற்றியபோது, பல நிறத்து மக்களும் உடன்பிறந்தாராய்த் தோளோடு தோள் நிற்கக் கண்டு தம் கருத்தை மாற்றிக்கொண்டமை வரலாறு.

1963 மே 17ஆம் நாளிட்ட 'டைம்' வார இதழ் பால்டுவினின் உருவத்தை அட்டையில் தாங்கியது. ஒரு வாரத்திற்குப் பின், இசைவாணர் லீனா ஹோர்ன், ஹாரி பெலஃபான்டி உள்ளிட்ட குழுவினருடன் அரசுத் தலைமை வழக்கறிஞர் இராபர்ட் கென்னடியை அவர் சந்தித்தார். 1965 பிப்ரவரி 18ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் மன்றத்தில் வில்லியம் பக்ளியை எதிர்த்து வாதிட்டு, 544க்கு 164 என்னும் வாக்குகளால் வென்றார். மூன்றே நாளில் மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முன் 1963 சூனில் மெட்கர் எவர்ஸ் கொல்லப்பட்டிருந்தார். 1968 ஏப்ரல் 4இல் மார்ட்டின் லூதர் கிங்கும் வீழ்த்தப்பட்டார். ஐந்தாண்டிற்குள் மூன்று தோழர்கள். மூவரும் நாற்பது அகவை எய்தாதவர்கள்.

கிங்குடன் கார்னகி மன்ற நிகழ்ச்சியில் தோன்றுவதற்கென வாங்கிய உடையையே அவருடைய இறுதிச் சடங்கிற்கும் பால்டுவின் அணிந்து செல்ல நேர்ந்தது. அதனை மீண்டும் அணிய மனமின்றி, ஹார்லெமில் வாழ்ந்த பழைய பள்ளித்தோழருக்கு அளித்தார். அச்சந்திப்பில் வியட்நாம் போர் பற்றிச் சச்சரவு எழுந்து, புகழ் தமக்கும் தம் தோழருக்கும் இடையே எழுப்பிய சுவரை அவர் உணர்ந்து நாணினார். தம் குறையையும் மறையாது 1972ஆம் ஆண்டு நூலில் இந்நிகழ்ச்சியை எழுதியமை அவருடைய நேர்மைக்குச் சான்று.

இஸ்தான்புல்லும் இறுதிப் புதினமும்

1961 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் அடிக்கடி தங்கி எழுதிய நகரம் துருக்கியின் இஸ்தான்புல் ஆகும். நடிகர் எங்கின் செசார் என்னும் நண்பரின் இல்லம் அவரை வரவேற்றது. 'அனதர் கன்ட்ரி' புதினம் அங்கேதான் முடிவுற்றது. 1969இல் அந்நகரில் நாடகமொன்றையும் அவர் இயக்கினார். தம் நாட்டில் மறுக்கப்பட்ட அமைதி பொஸ்பொரஸ் கரையில் அவருக்குக் கிட்டியது. 1970களின் தொடக்கத்திலிருந்து தென் பிரான்சின் செயின்ட் பால் தெ வான்ஸ் என்னும் ஊரில் குடியிருந்தார்.

1979இல் வெளியான 'ஜஸ்ட் அபவ் மை ஹெட்' அவருடைய இறுதிப் புதினம். ஆர்தர் என்னும் இறைப்பாடகன் இலண்டனில் இறந்துவிட, ஈராண்டு கழித்து அண்ணன் ஹால் அவனுடைய கதையைச் சொல்லத் தொடங்குகிறார். சோனியின் அண்ணன் தம்பியின் இசையைக் கேட்பதற்கு ஓரிரவு வாய்த்தது. ஹாலுக்கோ தம்பியின் குரல் நினைவில் மட்டுமே எஞ்சியது. இருபத்திரண்டு ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இவ்விரு படைப்புகளையும் அடுத்தடுத்துப் பயில்வோர், ஒரே வினா இருமுறை கேட்கப்பட்டதை உணர்வர். இருக்கும்போது கேளாத உறவை இறந்த பின் எழுத்து மீட்குமா என்பதே அவ்வினா.

மறைவு

1986இல் பிரெஞ்சு அரசு தன் உயர் விருதாகிய 'லீஜியன் ஆஃப் ஆனர்' வழங்கிப் பால்டுவினைச் சிறப்பித்தது. புற்றுநோயால் நலிந்த அவர், 1987ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் தம் பிரெஞ்சு இல்லத்தில், அறுபத்து மூன்றாம் அகவையில் உயிர் நீத்தார். அருகில் இருந்து பணிவிடை செய்தவர் தம்பி டேவிட். சிறுவயதில் இடுப்பில் சுமந்த தம்பியே இறுதியில் அண்ணனைத் தாங்கினார். டிசம்பர் 8ஆம் நாள் நியூயார்க் பேராலயத்தில் நிகழ்ந்த இறுதி வழிபாட்டில் டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ, அமிரி பராகா ஆகியோர் இரங்கலுரையாற்றினர். கொலையுண்ட மூன்று தோழர்களைப் பற்றி அவர் எழுதத் தொடங்கி முற்றுப்பெறாது விட்ட பக்கங்கள், 2016இல் இராவுல் பெக் இயக்கிய ஆவணப்படத்திற்கு அடிப்படையாயின. 2024இல் அவர்தம் நூற்றாண்டு நிறைவெய்தியது.

நிறைவுரை

இலக்கியம் பயிலும் நமக்கு இவ்வாழ்வு உணர்த்துவது யாது? துயர் உற்றவர் மீது இரக்கம் கொள்ளுதல் எளிது. இரங்குபவர் மேலிருந்தே இரங்கலாம். செவிகொடுத்தல் அத்துணை எளிதன்று. கேட்பவர் தம் இருக்கையை விட்டு இறங்கி, பாடுபவரின் அருகே அமர வேண்டும். கேட்டது தம்மை மாற்றவும் இடந்தர வேண்டும். இயற்கணித ஆசிரியருக்கு அதனைக் கற்க ஒரு குழந்தையின் மரணம் வேண்டியிருந்தது. பால்டுவினுக்குத் தந்தையின் மரணம் வேண்டியிருந்தது. படிக்கும் நமக்கு அத்தகைய இழப்பு நேரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. அடுத்த அறையில், அடுத்த இருக்கையில், நாம் பொருட்படுத்தாத ஓசை ஒன்று இப்போதும் எழுந்துகொண்டிருக்கலாம். அதனை இன்றே கேட்கச் செவி திறப்போமாயின், நெடுந்தொலைவில் ஹார்லெம் தெருவில் பிறந்த அப்பெருமகனாரின் எழுத்தை நாம் முறையாகப் பயின்றவர் ஆவோம்.